மாமாவுக்கு ஒத்தாசை

சின்னவளை மடிக்கிற மேஜையிலேர்ந்து கூட்டிட்டுப் போய் உருளைக்கு முன்னாடி நிறுத்திட்டாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே பெரியவளுக்குத் தூக்கம் போயிடுச்சு.

அது ஒரு சலவைக் கூடம். ஆஸ்பத்திரி, லாட்ஜுன்னு நாலா பக்கத்திலேர்ந்தும் மூட்டை மூட்டையா விரிப்பு வரும். துவைச்சு, பிழிஞ்சு, ஈரத்தோட தேய்க்கிற உருளைக்குள்ள விடணும். ரெண்டு ஆளை நீட்டிப் படுக்க வெச்ச நீளம் இருக்கும் அந்த மெஷின். உள்ள ஆவி ஓடும். பக்கத்துல நின்னாலே கண் இமை காஞ்சு ஒட்டும். ரெண்டு பேர் ரெண்டு முனையைப் பிடிச்சு விரிப்பை உள்ள குடுத்தா, அந்தப் பக்கம் அது புதுப் பேப்பர் மாதிரி விறைப்பா வெளிய வரும்.

உருளைக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதுல பட்டா மெஷின் நின்னுடணும். விரல் பட்டா நின்னுச்சோ இல்லையோ, துணி பட்டா நின்னுச்சு, ஈரம் பட்டா நின்னுச்சு, சில நாள் பக்கத்துல கொட்டாவி விட்டாலே நின்னுச்சு. வேலை கெடுதுன்னு அதை மேல தூக்கிக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டிட்டாங்க. கட்டினதுக்கப்புறம் மெஷின் எதுக்கும் நிக்கிறதில்ல.

முன்னாடி அந்த இடத்துல நின்னது பெரியவதான். பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்து நிப்பா. பயந்து பயந்து குடுப்பா. "இவ துணியைக் குடுக்கிறாளா, கூண்டுப் புலிக்குக் கறி போடுறாளா"ன்னு மாமா ஒரு நாள் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சின்னவதான் ரொம்ப சிரிச்சா. அடுத்த வாரமே பெரியவளை மடிக்கிறதுக்கு அனுப்பிட்டு, சின்னவளை அங்க நிறுத்தினாரு. பதினொரு வயசு. கை சின்னது, காத்து மாதிரி போகும். உயரம் பத்தலைன்னு காலுக்கடியில சோப்புப் பெட்டி ஒண்ணைக் கவுத்துப் போட்டாங்க.

மாமான்னா சொந்த மாமா இல்ல. கூடத்தோட முதலாளி அவரு. எந்த வழியிலயும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆனா முதலாளின்னு யாராவது கூப்பிட்டா மூஞ்சியைச் சுளிப்பாரு. "நான் என்ன உங்களை விலைக்கா வாங்கியிருக்கேன்? வாய் நிறைய மாமான்னு கூப்பிடுங்க"ம்பாரு. பிள்ளைங்களுக்கு அவரு ஒரு விளையாட்டு வெச்சிருந்தாரு. காதுல பேனாவைச் சொருகிக்கிட்டு, வெளிய போய், கதவைத் தட்டிட்டு இன்ஸ்பெக்டர் மாதிரி விறைப்பா உள்ள வருவாரு.

"ஏ பாப்பா, இங்க என்ன வேலை பாக்குற?"

"வேலை இல்ல சார். ஒத்தாசைக்கு வந்தேன்."

"இந்த ஆளு உனக்கு என்ன வேணும்?"

"மாமா சார்."

தடுமாறாம சொன்னா பிஸ்கட். தடுமாறினா அந்தப் பிள்ளையை எல்லாரும் சேர்ந்து கேலி பண்ணணும். பெரியவ ரெண்டாம் கிளாஸ் படிக்கிறப்பவே அம்மாவோட இந்தக் கூடத்துக்கு வர ஆரம்பிச்சவ. தூக்கத்துல தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. இதுல அவதான் எப்பவும் முதல். பிஸ்கட்டைப் பாதியா உடைச்சு சின்னவளுக்குக் குடுப்பா.

அம்மா பிழியிற மெஷின்ல இருந்தாங்க. சின்னவளை மாத்தின அன்னிக்கு வீட்டுல பெரியவ கேட்டா.

"அம்மா, அவளை அங்க நிறுத்த வேணாம்னு சொல்லும்மா."

"யாரு சொல்றது? நானா?"

"கம்பியைக் கட்டி வெச்சிருக்காங்கம்மா. கை உள்ள போனா நிக்காது."

"உன் கை போச்சா? இல்லல்ல. அவ கையும் போகாது."

"நான் பயந்து தூரமா நின்னேன். அவ பயப்பட மாட்டேங்கிறா."

"பயப்படாம இருக்கிறது ஒரு குத்தமா? பத்தாவது படிக்கிற மகராணி நீ சொல்ற. அவரு போன்னு சொல்லிட்டா மூணு பேரும் உன் புஸ்தகத்தை வறுத்துத் தின்னலாமா?" அம்மா பாயை உதறிப் போட்டாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது.

சின்னவ போர்வைக்குள்ளேர்ந்து சொன்னா, "அவளுக்குப் பொறாமைம்மா. மாமா என்னை ராக்கெட்டுன்னு கூப்பிடுறாரில்ல."

அந்த வாரம்தான் குடிமையியல் டீச்சர் போர்டுல கட்டம் கட்டமாப் போட்டு, சட்டம் எப்படி உருவாகுதுன்னு அம்புக்குறி விட்டாங்க. மசோதா, குழு, விவாதம், ஓட்டெடுப்பு. குழுங்கிற கட்டத்துல சாக்பீஸை வெச்சு டொக்கு டொக்குன்னு தட்டி, "இங்கதான் நீங்க நுழையலாம்"னாங்க. "சட்டசபை ஒரு மசோதாவைக் குழுவுக்கு அனுப்பினா, அந்தக் குழு பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும். யார் வேணாலும் போய்ப் பேசலாம். எழுதிக் குடுக்கலாம். உங்க தொகுதி உறுப்பினரைப் பார்த்துக் கேக்கலாம். ஓட்டுப் போட வயசாகணும். வாயைத் திறக்க வயசு வேணாம்."

இப்ப ஒரு மசோதா குழுவுல இருக்குன்னும் சொன்னாங்க. சூடான, அழுத்துற, சுத்துற மெஷின் எதுக்கிட்டயும் பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்க வேலை செய்யக்கூடாதுன்னு.

"யாராவது போறீங்களா?"

"மதியம் சாப்பாடு போடுவாங்களா டீச்சர்?"னு கடைசி பெஞ்சு கேட்டுச்சு. கிளாஸே சிரிச்சுது.

பெரியவ சிரிக்கல. காது ரெண்டும் சூடாயிடுச்சு. சுத்துற மெஷின்னு சட்டத்துல எழுதுறவங்களுக்கு யார் சொன்னாங்க? யாரோ எங்கயோ ஒரு ரூம்ல உக்காந்து சின்னவளைப் பார்த்த மாதிரி எழுதியிருக்காங்க. அவங்ககிட்ட போய் ஒரு தடவை சொல்லிட்டா போதும், சின்னவளைச் சோப்புப் பெட்டியிலேர்ந்து இறக்கிடலாம். அம்மா கேக்க வேணாம், மாமாகிட்ட சண்டை போட வேணாம். சட்டமே வந்து இறக்கிடும்.

டீச்சர் போன்லயே பேரைப் பதிஞ்சா. அம்மாகிட்ட ஸ்பெஷல் கிளாஸுன்னு பொய் சொன்னா.

கருத்துக் கேக்குற மண்டபம் குளிர்ந்து கிடந்துச்சு. அரை வட்டமா மேஜை போட்டு உறுப்பினருங்க உக்காந்திருந்தாங்க. பேசுறவங்களுக்கு நடுவுல ஒரு சின்ன மேஜை, ஒரு மைக், ஒரு விளக்கு. மூணு நிமிஷம் பேசலாம். விளக்கு பச்சையா இருந்து மஞ்சளாகி சிவப்பானா நிறுத்திடணும். அவளுக்கு முன்னாடி சலவைக்கூட முதலாளிங்க சங்கத்து ஆள் ஒருத்தர் கோட்டுப் போட்டுக்கிட்டு வந்து, தேன் ஒழுகப் பேசிட்டு, மஞ்சள்லயே முடிச்சாரு. தினம் வர்றவரு போல. எழுந்து போறப்ப ஒரு உறுப்பினரோட தோளைத் தட்டிட்டுப் போனாரு.

பெரியவ பேப்பர்ல எழுதி மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தா. மைக்ல தன் குரலே வேற யாரோட குரல் மாதிரி கேட்டுச்சு. ஆனாலும் பேசினா. தங்கச்சிக்குப் பதினொரு வயசுன்னு சொன்னா. சோப்புப் பெட்டி மேல நிக்கிறான்னு சொன்னா. தடுப்புக் கம்பியைக் கட்டி வெச்சிருக்காங்கன்னு சொன்னா. "அவ கை உள்ள போறதுக்கு முன்னாடி இந்தச் சட்டத்தைப் போடுங்க"ன்னு அவ முடிக்கவும் விளக்கு சிவப்பாகவும் சரியா இருந்துச்சு. பின்னாடி யாரோ மூக்கை உறிஞ்சினாங்க. சொல்லிட்டேன்னு அவளுக்கு நெஞ்சுல காத்து வந்துச்சு.

அப்பதான் ஓரத்துல இருந்த உறுப்பினர் ஒருத்தர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாரு. சிரிச்ச முகம். வெள்ளைச் சட்டை. கையில ஒரு பேனா.

"நல்லாப் பேசினம்மா. உக்காரு. தண்ணி குடி. நான் ரெண்டே ரெண்டு கேள்வி கேக்குறேன், பயப்படாத. உன் அப்பா மாதிரி நினைச்சுக்கோ."

அவ தண்ணி குடிச்சா.

"அப்பா என்ன பண்றாரு?"

"அப்பா இல்ல சார்."

"அடடா." நிஜமாவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்துச்சு. "அந்தக் கூடம் யாரோடது?"

"மாமாவோடது சார்."

"மாமாவோடதா." அவரு பக்கத்துல இருந்தவரைப் பார்த்தாரு. பேனாவை விரலுக்கு நடுவுல உருட்டினாரு. "சரி. நீ அங்க என்னம்மா வேலை பாக்குற?"

அந்தக் குரல், அந்தப் பேனா, அந்த வேலைங்கிற வார்த்தை. அவ யோசிக்கவே இல்ல. தட்டினா எரியிற விளக்கு மாதிரி வாய் தானா திறந்துச்சு.

"வேலை இல்ல சார். ஒத்தாசைக்கு வந்தேன்."

"தங்கச்சி?"

"அவளும் ஒத்தாசைக்குத்தான் சார்."

"மாமா அடிப்பாரா? திட்டுவாரா?"

"இல்ல சார்."

"பின்ன என்ன குடுப்பாரு?"

"பிஸ்கட் குடுப்பாரு சார்."

மண்டபம் சிரிச்சுது. கேலியாச் சிரிக்கல, பிரியமாத்தான் சிரிச்சுது. மூக்கை உறிஞ்சினவங்ககூட சிரிச்சாங்க. சிரிச்ச முகம் கையைக் கூப்பி, "இந்தப் பொண்ணோட வாயால வந்ததைக் குழு தயவுபண்ணிப் பதிவு செஞ்சுக்கணும். அப்பா இல்லாத பிள்ளைங்களை ஒரு தாய்மாமன் பார்த்துக்கிறாரு"ன்னாரு.

தாய்மாமன்னு அவ சொல்லவே இல்ல. எழுந்து சொல்றதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.

பஸ் ஸ்டாப் வரைக்கும் போனவ திரும்பி ஓடி வந்தா. வாசல்ல ஒரு அம்மா உக்காந்து பேசினதையெல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிட்டிருந்தாங்க.

"மேடம், நான் சொன்னதை மாத்தணும்."

"என்ன, தப்பா அடிச்சிருக்கா?"

"இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவரு எங்க மாமா இல்ல."

அந்த அம்மா திரையை உருட்டிப் பார்த்தாங்க. "மாமாவோடது சார்னு சொல்லியிருக்கியே. சொல்லலையா?"

"சொன்னேன்."

"சொன்னதைத்தானே அடிச்சிருக்கேன்."

"மாமான்னு சும்மா கூப்பிடுறது மேடம். எல்லாரும் கூப்பிடுவோம்."

"இதோ பாரு பாப்பா. எழுத்துப் பிழை இருந்தா சொல்லு, திருத்துறேன். மாமாவுக்கு எழுத்து சரியாத்தான் இருக்கு." அவங்க மறுபடி அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க.

சாயந்தரச் செய்தியில மாமாவோடது சார்லேர்ந்து பிஸ்கட் குடுப்பாரு சார் வரைக்கும் உள்ள துண்டை மட்டும் போட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா போனைத் தூக்கிட்டு வந்து அம்மாகிட்ட காட்டினாங்க. அம்மா முழுசும் பார்த்துட்டு, போனைப் பத்திரமாத் திருப்பிக் குடுத்துட்டு, கதவைச் சாத்திட்டு அடிச்சாங்க. மூச்சு வாங்கினப்பதான், "நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் அங்க போவேன்"னாங்க. சின்னவ ஒரு மூலையில உக்காந்துக்கிட்டு, "என்னை எதுக்குடி இழுத்த?"ன்னு கேட்டா.

மறுநாள் மூணு பேரும் கூடத்துக்குப் போனப்ப மாமா வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாரு. அம்மா கையைக் கூப்பினாங்க. மாமா பெரியவளை மேலயும் கீழயும் பார்த்தாரு. அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சாரு.

"வாங்க வக்கீலம்மா. சங்கத்துலேர்ந்து காலையிலேர்ந்து போன் மேல போன். யாருப்பா அந்தப் பொண்ணு, நம்ம ஆள் எல்லாருமாச் சேர்ந்து பண்ண முடியாததைப் பண்ணிட்டாளேன்னு கேக்குறாங்க." ஒரு பிஸ்கட் பாக்கெட்டை முழுசா அவ கையில வெச்சாரு. "கம்பியைப் பத்திச் சொன்னது மட்டும் தப்பு. இருந்தாலும் மாமா மறந்துட்டேன்."

அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் பிழியிற மெஷின்கிட்ட நின்னுக்கிட்டு, நேத்து அடிச்ச அதே கையால பெரியவ தலையைத் தடவி, "எம்பொண்ணு சட்டசபையில பேசினா"ன்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க. சின்னவ சோப்புப் பெட்டி மேல நின்னு விரிப்பு குடுத்துக்கிட்டிருந்தா.

அதுக்கப்புறம் பெரியவ அந்த வக்கீல் பட்டத்தைச் சுமந்துக்கிட்டே எல்லாத்தையும் செஞ்சு பார்த்தா. டீச்சர் சொன்ன எதையும் விடல. எழுத்து மூலமா அனுப்பலாம்னாங்களே, அனுப்பினா. அவரு மாமா இல்ல, அது ஒத்தாசை இல்ல, சொல்லிப் பழக்கியிருக்காங்கன்னு நாலு பக்கம். பதில் ஒரே வரியில வந்துச்சு. தங்கள் கருத்து குழுவின் கவனத்தில் கொள்ளப்பட்டதுன்னு. உறுப்பினரைப் போய்ப் பார்க்கலாம்னாங்களே, அதுவும் போனா. தொகுதி உறுப்பினர் வேற யாரும் இல்ல, அந்தச் சிரிச்ச முகமேதான். ஆபீஸ்ல அவரோட உதவியாளர் இவளைப் பார்த்ததும் எழுந்தே நின்னுட்டாரு.

"ஏய், நீ அந்த பிஸ்கட் பொண்ணுதானே? அண்ணன் போற கூட்டமெல்லாம் உன்னைப் பத்தித்தாம்மா பேசுறாரு."

"அவரைப் பாக்கணும்ணே. நான் சொன்னது நிஜமில்லன்னு சொல்லணும்."

உதவியாளரோட முகம் கொஞ்சம் மாறிச்சு. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உக்கார வெச்சாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டாரு.

"குழு முன்னாடி பொய் சொன்னா அது குத்தம். தெரியுமா?"

"நான் பொய் சொல்லணும்னு சொல்லல."

"அப்ப நிஜம்னு வெச்சுக்கோ. உனக்கும் நல்லது, உங்க அம்மாவுக்கும் நல்லது. டீ சாப்பிடுறியா?"

அவ டீ சாப்பிடல.

ஓட்டெடுப்பு நடந்த அன்னிக்கு டீச்சர் கிளாஸ்லயே போன்ல நேரலையைப் போட்டாங்க. சிரிச்ச முகம் எழுந்து நின்னு பேசினாரு. அப்பா இல்லாத ஒரு ஏழைப் பொண்ணு தன் வாயால சொன்னதைக் கேட்டப்ப எனக்குக் கண் கலங்கிடுச்சு, மாமாவுக்கு ஒத்தாசை பண்ற பிள்ளையோட கையை நாம தட்டி விடலாமான்னு கேட்டாரு. மேஜையெல்லாம் தட்டினாங்க. அப்புறம் திருத்தத்தை ஒருத்தர் வாசிச்சாரு. 'உறவினரோ, உறவினராகக் கருதி அழைக்கப்படுபவரோ நடத்தும் இடத்தில், குடும்பத்துக்கு ஒத்தாசையாகச் செய்யப்படும் எதுவும் இச்சட்டத்தின்படி வேலை ஆகாது.' ஆதரிக்கிறவங்க கை தூக்கினாங்க. எதிர்க்கிறவங்க ரெண்டு மூணு பேரு தூக்கின கையை கேமரா சரியாக்கூடக் காட்டல.

"பார்த்தீங்களா?" டீச்சருக்குக் குரல் தழுதழுத்துச்சு. "நம்ம கிளாஸ் பொண்ணு சொன்ன வார்த்தை அப்படியே சட்டத்துல ஏறியிருக்கு. எத்தனை பேருக்கு இந்தக் குடுப்பினை கிடைக்கும்? எழுந்து நில்லும்மா."

அவ எழுந்து நின்னா. எல்லாரும் கை தட்டினாங்க. கடைசி பெஞ்சு விசில் அடிச்சுது. டீச்சர் அவளைக் கட்டிப் பிடிச்சப்ப, அவங்க காதுல அவ மெதுவாச் சொன்னா, "டீச்சர், தங்கச்சி இன்னும் அங்கதான் நிக்கிறா."

"எல்லாம் ஒரே நாள்ல மாறாதும்மா"ன்னாங்க டீச்சர். கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அவங்க சந்தோஷத்துல எதையும் காதுல வாங்குற நிலைமையில இல்ல.

சட்டம் வந்த பிறகு நிஜ இன்ஸ்பெக்டர் ஒருத்தர் கூடத்துக்கு வந்தாரு. முன்னெல்லாம் இன்ஸ்பெக்டர் வர்றாருன்னா பிள்ளைங்களைப் பின்வாசல் வழியா வெளிய தள்ளிடுவாங்க. இந்தத் தடவை யாரும் ஓடல. மாமா ஃபேனை அவரு பக்கம் திருப்பி வெச்சு உக்கார வெச்சாரு. கட்டுக்கம்பியை மட்டும் காலையிலயே அவுத்திருந்தாங்க. மெஷின் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா நின்னு நின்னு ஓடிக்கிட்டிருந்துச்சு.

"நீதான் அந்தப் பொண்ணா?" இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டாரு. களைச்சுப் போன முகம். கெட்டவரு மாதிரி தெரியல. "சும்மா கேக்கணும், கேட்டுட்டுப் போயிடுறேன். இவரு உனக்கு என்ன வேணும்?"

மாமா சார்ங்கிறது நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. அவ பல்லைக் கடிச்சு அதை உள்ள தள்ளினா. மடிச்ச விரிப்பு ஒண்ணை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

"யாரும் இல்ல சார். முதலாளி."

பிழியிற மெஷின்கிட்டேர்ந்து அம்மா திரும்பிப் பார்த்தாங்க, அவ நிறுத்தல.

"நாங்க வேலை பாக்குறோம் சார். ஒத்தாசை இல்ல. இப்படிச் சொல்லணும்னு இவருதான் பழக்கினாரு. தடுப்புக் கம்பியைக் கட்டி வெச்சிருந்ததை இன்னிக்குக் காலையிலதான் அவுத்தாங்க. தங்கச்சியை அங்கேர்ந்து இறக்கச் சொல்லுங்க சார்."

இன்ஸ்பெக்டர் மாமாவைப் பார்த்தாரு. மாமா கோவப்படல. தலையைக் குனிஞ்சு, வீட்டு விஷயம் வெளிய வந்துட்ட மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாரு.

"நேத்து கொஞ்சம் கடிஞ்சு பேசிட்டேன் சார். அந்தக் கோவம். வயசு அப்படி."

இன்ஸ்பெக்டர் அம்மாவைக் கூப்பிட்டாரு. "நீங்க சொல்லுங்கம்மா."

அம்மா ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே வந்தாங்க. பெரியவளை நிமிர்ந்து பார்க்கல.

"அண்ணன்தான் சார் எனக்கு. கூடப் பொறக்காத குறைதான்."

"அக்காவுக்கு என் மேல பொறாமை சார்." சோப்புப் பெட்டி மேலேர்ந்து சின்னவ கேக்காமலே சொன்னா. "அவளுக்கு வேகம் பத்தாதுன்னு மாமா என்னைப் போட்டாரு. அதான் எல்லார்கிட்டயும் போய்ப் போய் சொல்றா."

இன்ஸ்பெக்டர் சிரிச்சிட்டாரு. வந்ததிலேர்ந்து அவரு சிரிச்சது அப்பதான். எழுந்து பெரியவ தோள்ல கை வெச்சாரு.

"பாரும்மா, உறவினராக் கருதி அழைக்கிறவருன்னு சட்டத்துலயே இருக்கு. அழைச்சதை ஊரே டிவியில பார்த்துச்சு. நீ இல்லேன்னு சொன்னா அது குடும்பச் சண்டை. குடும்பச் சண்டைக்குள்ள நான் நுழைய முடியாது. மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கோ."

அவரு வண்டி தெருவைத் தாண்டுற வரைக்கும் மாமா வாசல்ல நின்னு கை காட்டினாரு. அப்புறம் உள்ள வந்து, கட்டுக்கம்பியைத் தேடி எடுத்து, தானே ஸ்டூல்ல ஏறி, தடுப்புக் கம்பியைத் தூக்கிக் கட்டினாரு. முறுக்கி முறுக்கி நிதானமாக் கட்டினாரு. கீழ இறங்கினப்ப குரல் சாந்தமாத்தான் இருந்துச்சு.

"வக்கீலம்மாவுக்குத் தங்கச்சியைத் தனியா விட மனசு வரல. நியாயம்தானே. நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் வேணாம். தங்கச்சிக்கு எதிர் முனையை நீ பிடி. பக்கத்துலயே இருந்து பார்த்துக்கோ." அம்மா பக்கம் திரும்பி, "என்ன தங்கச்சி, சரிதானே?"ன்னாரு.

"நீங்க சொன்னா சரிதாண்ணே"ன்னாங்க அம்மா.

அடுத்த நாள் காலையில பெரியவ உருளைக்கு முன்னாடி நின்னா. விரிப்போட ஒரு முனை அவ கையில, இன்னொண்ணு சின்னவ கையில. சூடு மூஞ்சியில அடிச்சுது. பழைய பயத்துல அவ கை பின்வாங்கிச்சு. சின்னவ பக்கம் துணி முந்திப் போச்சு, இவ பக்கம் பின்தங்கிச்சு. துணி கோணி, சின்னவ கைக்கு நேரா ஒரு சுருக்கம் விழுந்துச்சு. சுருக்கத்தோட துணி வெளிய வந்தா மறுபடி துவைக்கணும், திட்டு விழும். சின்னவ சட்டுன்னு கையை நீட்டி, உருளை வாய்க்கிட்ட விரலை வெச்சு அந்தச் சுருக்கத்தை நீவி விட்டா.

பெரியவ கத்திட்டா.

"கையை எடுடி."

"நீ ஒழுங்காக் குடு, நான் எதுக்கு நீவப் போறேன்?"

அடுத்த விரிப்பு. இவ கை மறுபடி தயங்கிச்சு. மறுபடி சுருக்கம். மறுபடி அந்தச் சின்ன விரல், இன்னும் கொஞ்சம் உள்ள. அப்பதான் பெரியவளுக்கு விளங்கிச்சு. இவ பயந்தா அவ கை உள்ள போகும். இவ எவ்வளவு பயப்படுறாளோ அவ்வளவு உள்ள போகும்.

மூணாவது விரிப்புக்கு அவ ஒரு எட்டு முன்னாடி வந்தா. முனையை இறுக்கிப் பிடிச்சு, சின்னவ கை எந்த வேகத்துல போகுதோ அதே வேகத்துல, உருளை வாய் வரைக்கும் கையைக் கொண்டு போய்க் குடுத்தா. துணி நூல் பிடிச்ச மாதிரி நேராப் போச்சு. சுருக்கம் விழல. சின்னவ விரல் உள்ள போகல.

"ம், இப்ப சரி"ன்னா சின்னவ.

அடுத்ததை இன்னும் வேகமாக் குடுத்தா. அதுக்கடுத்ததை அதைவிட வேகமா. கண்ணை இமைக்கல. பின்னாடி மாமா வந்து நின்னது கழுத்துல தெரிஞ்சுது. ரெண்டு விரிப்பு போறதைப் பார்த்தாரு. அப்புறம் மெஷின் பக்கத்துல போய், வேகம் கூட்டுற திருகை ஒரு சுத்து சுத்தி விட்டுட்டு, பிழியிற மெஷின் பக்கம் பார்த்துச் சொன்னாரு.

"ரெண்டு பேரும் சேர்ந்து குடுக்கிற அழகைப் பாரு. இனி இவங்களைப் பிரிக்கக்கூடாது."